பலமனேருக்குப் போன பொந்தா

இன்று காலை கடைக்கு மிஷின் விற்கும் ஆள் ஒருவர் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்து என் கட்டிங் டேபிள் மேல் விரித்தார். இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாக மிஷினிலேயே தைத்தது. புது பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் வருமே, அந்த வாசனை அடித்தது.

"ஒரு மணி நேரத்துல ஒரு பொந்தா ரெடிம்மா. பட்டனத் தட்டிட்டு நீங்க பக்கத்துல உக்காந்து காபி குடிக்கலாம்" என்றார்.

விரலால் தடவிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா சிரிக்கிறீங்க? தையல் நேரா இல்லியா?"

"ரொம்ப நேரா இருக்குதுப்பா. அதான் சிரிப்பு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று துண்டை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நீங்கள் இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்க மாட்டீர்கள். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அரை நாள் அறுத்திருப்பீர்கள். அந்த அரை நாள் பேச்சு என் தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் உங்களுக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நினைத்துப் பார்த்தால், கல்யாணமான நாளிலிருந்து நம் இரண்டு பேருக்கும் சத்தம்தான் வாழ்க்கை. நீங்கள் அரசு பஸ் டிரைவர், திருப்பதி–நகரி ரூட்டு. நான் புத்தூர் மெயின் ரோட்டில் டெய்லர். மூன்று மிஷின், மூன்றுக்கும் மோட்டார். நீங்கள் நாளெல்லாம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், நான் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் சேர்ந்து இருக்கும் கொஞ்ச நேரத்தில், "சோறு போடட்டா?" "போடு." "பவானிக்கு ஃபீஸ்?" "கட்டியாச்சி." இவ்வளவுதான். சண்டை கிடையாது. சண்டை போடவும் பேச வேண்டுமே.

நீங்கள் ரிட்டயர் ஆன அன்று டிப்போவிலிருந்து மாலையும் சால்வையுமாக வந்தீர்கள். கக்கத்தில் அந்த அழுக்குப் பொந்தா. எஞ்சின் சூடு தாக்காமல் இருக்க டிரைவர் சீட்டில் நான்காக மடித்துப் போட்டிருந்தது. பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே துண்டுத் துணிகள் வைத்து, கையால் தைத்த கனத்த விரிப்பு. மாலையை ஆணியில் மாட்டிவிட்டு, பொந்தாவை மட்டும் என்னிடம் நீட்டினீர்கள்.

"ஒரு மூல கிழிஞ்சிடுச்சி. உன் மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிக் குடு."

பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டு ஓட்டினேன். டப்பென்று முறிந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் முறிந்தது. நீங்கள் கையைத் தட்டிச் சிரித்தீர்கள். "இன்னாமே, என் சீட்டப் பாத்து உன் மிஷினுக்கே பயமா?" என்று கேட்டு, டப்பாவிலிருந்து ஒரு கோணி ஊசியை நீங்களே தேடி எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்விட்டீர்கள். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். எப்படியோ தைத்து முடித்தீர்கள். தையல் திருமலைப் பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. ஆனால் கிழிசல் மூடிக்கொண்டது.

மறுநாள் என் வெட்டுத்துணி மூட்டையைக் கேட்டீர்கள். "உனக்கு வேணாம்தானே?" என்றீர்கள். ஏதோ பொழுதுபோக்கு, நாலு நாளில் சலித்துவிடும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். சலிக்கவே இல்லை. கடை வாசலில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு புதுப் பொந்தாவை வைத்துத் தைத்துக்கொண்டு, பிளவுஸ் தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "இந்தப் பச்ச யாரு பொடவ, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்பீர்கள். திருப்பதிக்கு பஸ்ஸில் போகும்போதும் தைத்துக்கொண்டே போனீர்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர் உங்களோடு மாற்றி மாற்றி டூட்டி பார்த்த பழைய டிரைவர். "அண்ணே, ரோடப் பாருங்கண்ணே, என்னால தனியாப் பாக்க முடியல" என்று அவர் கிண்டல் செய்ததை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினீர்கள். "மொத மொறையா ரோடப் பாக்காம திருப்பதி போய் வந்தேன்மே" என்றபோது உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குள் பவானிக்குப் பலமனேரில் இடம் அமைந்தது. மாடு கன்று, பால் வியாபாரம் என்று வசதியான வீடு. மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கறார் என்று பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் பட்டது. நான் வைத்த தட்டில் இருந்த முறுக்கை எடுத்து, ஒடித்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டார். அவர்கள் போனதும் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பலமனேரு குளுரும். நம்ம பொண்ணுக்கு நானே ஒரு பொந்தா தச்சித் தரேன்."

கல்யாணச் சீரில் பழந்துணியா? அதிலும் நீங்கள் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்தன்று முகூர்த்தப் புடவையை மாற்றி நான் கட்டிய புடவை, பவானியின் ஸ்கூல் யூனிபாரம், போதாக்குறைக்கு உங்கள் காக்கி பேண்ட். சதுரம் சதுரமாக வெட்டி நடுவிலேயே வைத்தீர்கள்.

"இன்னாங்க இது, காக்கியப் போயி சீர்ல வெப்பாங்களா?"

"நானே அவகூட போக முடியாது. காக்கியாவது போவட்டும்."

காக்கியை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கோணல் தையல் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பது வருஷமாக ஊரில் என் தையல் என்றால் கோடு போட்ட மாதிரி என்று பெயர். டெய்லர் வீட்டுப் பெண் கொண்டுவந்த சீரைப் பார் என்று அந்த அம்மாள் எல்லோரிடமும் காட்டிச் சிரிப்பது போலவே தோன்றும்.

அதனால்தான் அந்த வேலையைச் செய்தேன். கண் பரிசோதனைக்காக நீங்கள் திருப்பதிக்குப் போயிருந்தீர்கள். பொந்தா நல்ல கனமாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டுப் பொந்தா அளவுக்குக் கெட்டியில்லை. மிஷின் ஏற்றுக்கொண்டது. உங்கள் தையலை உருவி எடுத்துவிட்டு, அதே இடங்களில் மிஷினில் ஓட்டினேன். ஒரு மதியத்தில் பாதிப் பொந்தா நேராகிவிட்டது. இவ்வளவு நாள் இந்த மனுஷன் வேலை மெனக்கெட்டதை ஒரு மதியத்தில் முடித்துவிட்டேனே என்று பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். கண்ணில் மருந்து ஊற்றியிருந்தார்கள், எதுவும் சரியாகத் தெரியவில்லை என்றீர்கள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். நீங்களோ சும்மா இருக்காமல், விட்ட இடத்தைக் கையாலேயே தேடித் தைக்கலாம் என்று பொந்தாவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். விரல் ஓடிக்கொண்டே வந்தது. நின்றது. திரும்பப் பின்னால் போயிற்று, மறுபடி முன்னால் வந்தது.

"இது யாரு தச்சது?"

நான் மிஷின் மேல் உறையை இழுத்துப் போட்டேன்.

"அட்ட மாதிரி இருக்குதுமே. துணி மூச்சு வுடல" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "கோணலா இருக்குதுன்னு சொல்லியிருந்தா நானே பிரிச்சித் திரும்ப தச்சிருப்பேன். சொல்லாம செஞ்சிட்டியே" என்றீர்கள்.

நீங்கள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பொந்தாவை மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறி செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டீர்கள். அடுத்த நாள் வாசல் நாற்காலி காலி. அதற்கடுத்த நாளும் காலி. வந்து போகிறவர்கள், "அண்ணன் எங்கக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்கும்போது எனக்கு ஊசி ஓடவில்லை. நம் கல்யாண வாழ்க்கையில் நீங்கள் பேசாமல் இருந்தது எனக்குக் கேட்டது அப்போதுதான்.

மூன்றாம் நாள் மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். மோட்டாரை நிறுத்தினேன். பரணிலிருந்து பொந்தாவை இறக்கி, பாயில் விரித்து, பிளேடால் என் தையலை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். மிஷின் தையலைப் பிரிப்பது எவ்வளவு கொடுமை என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நானே அனுபவித்தது அன்றுதான். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல், இரண்டும் ஒன்றை ஒன்று விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தன. பிரித்த இடமெல்லாம் பொடிப் பொடியாக ஓட்டை.

நீங்கள் வந்து வாசலில் நின்றீர்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓட்ட தெரியுதே" என்றேன்.

"தண்ணி பட்டா மூடிக்கும்" என்றீர்கள்.

பிறகு நீங்களும் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தீர்கள். பிரித்து முடிக்க இரண்டு மதியம் ஆயிற்று. மூன்றாவது மதியம் நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து தைக்க, நான் இந்தப் பக்கத்திலிருந்து கையால் தைத்தேன். சின்ன வயதில் ஹெம்மிங் செய்ததோடு சரி, கை ஊசி எனக்கே புதிதாக இருந்தது. மோட்டார் இல்லாத கடை எப்படி இருக்கும் என்றும் அன்றுதான் தெரிந்தது. ஃபேன் சுற்றுவது கேட்கிறது. எதிர்க் கடையில் சில்லறை விழுவது கேட்கிறது. நூல் துணிக்குள் போகும் சரக் சத்தம்கூடக் கேட்கிறது. அப்போது மூலையில் ஒரு பஸ் திரும்பி ஹார்ன் அடித்தது.

நீங்கள் சிரித்துக்கொண்டே, "நான் ரெண்டு அடிப்பேன். இவன் ஒண்ணுதான் அடிக்கிறான்" என்றீர்கள்.

"எங்க அடிப்பீங்க?"

"இங்கதான். நம்ம கட மூலையில."

"எதுக்கு?"

ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். "எதுக்கா? உனக்குதான்மே."

தினமும். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு. கல்யாணமாகி நான் கடை போட்டதிலிருந்து, ரிட்டயர் ஆன நாள் வரைக்கும். எனக்கு ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், நான் குனிந்துகொண்டிருப்பேன். கண்டக்டர்கள்கூட, "இன்னாண்ணே, வீட்டம்மா இன்னிக்கும் திரும்பிப் பாக்கலியா?" என்று கேட்பார்களாம்.

"நீங்க இன்னா நெனச்சீங்க?" என்றேன்.

"கோவமா இருக்கன்னு நெனச்சேன்."

"எத்தினி நாளா?"

"மொத ஒரு வருசம். அப்புறம் பழகிப்போச்சி."

"அப்புறமும் எதுக்கு அடிச்சீங்க?"

"திரும்பினாலும் திரும்புவியே."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் அதைச் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்ட மாதிரி குனிந்து தைக்க ஆரம்பித்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் மதியமும் நான் மோட்டாரை நிறுத்தினேன். உங்களுக்கு மிளகு ரசம் பிடிக்காது என்று அத்தனை வருஷம் கழித்துச் சொன்னீர்கள். ரேணிகுண்டா தாண்டி ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் போய், ஒரு வைக்கோல் போரில் நிறுத்தி எல்லோரையும் காப்பாற்றியதைச் சொன்னீர்கள். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து "போடு" என்றுதானே சாப்பிட்டிருப்பீர்கள்! நான் பவானிக்கு முன்னால் கலைந்துபோன குழந்தையைப் பற்றிப் பேசினேன். அதுவரை யாரிடமும் பேசியதில்லை. இரண்டு பேரும் பொந்தாவையே பார்த்துக்கொண்டு பேசியதால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வந்திருக்காது.

கல்யாணத்தன்று நான் பொந்தாவைப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பயம் அப்போதும் போகவில்லை. நீங்கள் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டீர்கள். சம்பந்தி அம்மாள் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், எல்லோருக்கும் முன்னால் அதைப் பாயில் விரித்துவிட்டார். காக்கிச் சதுரத்தின்மேல் விரலை வைத்து, "இது இன்னா துணிங்க?" என்று கேட்டார்.

"அது என் பேண்ட்டுங்க" என்றீர்கள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மடித்தார், பெட்டியில் வைத்தார், மூடினார். பெண்ணைக் கொண்டுபோய் விடப் பலமனேர் போய்ச் சேரும் வரைக்கும், ஏன், அதற்குப் பிறகு பல மாதங்களுக்கும், அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களைக் கேட்டுக் கேட்டுச் சாகடித்தேன். "குளுரட்டும் பொறு" என்பதற்குமேல் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழியில் சம்பந்தி அம்மாளிடமிருந்து போன் வந்தது. தெலுங்கு வழக்கப்படி என்னை 'வதினா', அதாவது அண்ணி என்றும் உங்களை 'அண்ணய்யா' என்றும் கூப்பிடுவார் அல்லவா? "வதினா, அண்ணய்யா இருக்காரா? ஸ்பீக்கர்ல போடுங்க. எனக்கும் ஒரு பொந்தா வேணும். உங்க பொண்ணு அதத் தொடவே வுட மாட்டேங்குது. கடையில ஒண்ணு வாங்கனேன், மிஷின்ல தச்சது. தொவச்சதும் பஞ்சு பூராவும் ஒரு மூலைக்குப் போயி ஒக்காந்துக்கிச்சி."

"தச்சிடலாம் தங்கச்சி. இன்னா கலரு வேணும்?" என்றீர்கள்.

"அந்தக் காக்கி மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டு நீங்கள் கடைக்குள் ஒரு சுற்று நடந்தீர்கள், பாருங்கள், புது பஸ் கொடுத்த அன்றுகூட அப்படி நடந்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பொந்தா மட்டும் தாமதமாகிக்கொண்டே போயிற்று. நடுவில் தெருவில் உள்ளவர்கள் கேட்டார்கள், ஏர்பேட்டில் இருக்கும் உங்கள் அக்கா கேட்டார். நெருக்கமானவர்தானே, பொறுப்பார் என்று சம்பந்தி அம்மாளுடையதைத் தள்ளித் தள்ளி வைத்தோம். கடைசியில் அதைக் கையில் எடுத்தபோது உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் பையில் அதை எடுத்து வந்தீர்கள். அந்த நர்ஸ் பெண் ஊசியைப் பார்த்துப் பதறிப்போய், "தாத்தா, இங்க ஊசி எங்க கையிலதான் இருக்கணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். நீங்கள் கெஞ்சிய கெஞ்சலில் மறுநாள் அவளே திருப்பிக் கொடுத்து, அவளுடைய பழைய துப்பட்டாவில் ஒரு துண்டும் கொடுத்தாள். அது பொந்தாவின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் இருக்கிறது. அதைத் தைத்த நாலாம் நாள், நான் காபி வாங்கி வருவதற்குள் போய்விட்டீர்கள். ஊசி துணியிலேயே குத்தி வைத்திருந்தது. முடிக்காமல் எழும்போது எப்போதும் அப்படித்தானே வைப்பீர்கள்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபோது சம்பந்தி அம்மாள் கிளம்பவில்லை. "அது எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். உங்கள் பக்கம் இரண்டு கையகலம் பாக்கி இருந்தது. பார்த்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு நீங்கள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தைக்க வருமா?" என்று கேட்டேன்.

"வராது. இதுவரைக்கும் பட்டன்கூட வெச்சதில்ல. நீங்க அந்தப் பக்கம் தைங்க வதினா."

உங்கள் தையல் நின்ற இடத்திலிருந்து அவர் ஆரம்பித்தார். அம்மாடி! உங்களுடையதே தேவலை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஒன்று காணவே காணோம். என் விரல்கள் துடித்தன. முறுக்கை ஒடித்துப் பார்த்த அந்தக் கை, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் குத்தியது. நடுநடுவே தன் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷத்தில் தான் என்னென்ன பட்டார் என்று சொன்னார். யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

கடைசித் தையல் போட்டதும், "சரியா வந்திருக்குதா, வதினா?" என்று கேட்டார்.

"நல்லா வந்திருக்குது" என்றேன். பொய் சொல்லவில்லை.

அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் ஏறிப் பலமனேருக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். அன்றிலிருந்து அனேகமாகத் தினமும் செய்கிறார். மதியம் மோட்டாரை நிறுத்தியதும் ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிடுவேன். அவர் அங்கே ஏதோ ஒன்றைக் கோணலாகத் தைப்பார், நான் இங்கே தைப்பேன். பவானி குறுக்கே வந்து, "அம்மா, துன்னியா இல்லியா? ரெண்டு பேரும் போன வெச்சித் தொலைங்க" என்று கத்துவாள்.

காலையில் வந்தவர் சொன்ன மாதிரி அந்த மிஷின் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொந்தா முடிக்க மூன்று மாதம், நாலு மாதம் ஆகும். அந்த மாதங்களில்தான் நான் உங்களோடு குடித்தனம் செய்தேன். மொத்தம் எத்தனை பொந்தா தைத்தோம் என்று பவானி கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. என்ன பேசினோம் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நாம் அவ்வளவு பேசியது போதாதுதான். ஆனாலும் விட்டுப்போன வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தால், நிறையவே பேசிவிட்டோம், இல்லையா?